சிமெண்டுக்குள் பாப்பா

பாப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து இரண்டு கணுக்கால் வரை மாவுக்கட்டு, எங்கள் வீட்டு வழக்கில் சொன்னால் சிமெண்டு, போட்டு இன்றோடு ஏழு வாரம். வயது ஒன்றரை. இடது தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை, அவள் நடக்க ஆரம்பித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று மாதத்திலேயே தொடை மடிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லையே என்று ஒரு கிளினிக்கில் கேட்டேன், கொழுகொழு குழந்தை அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தோளிலும் காலிலும் மாட்டும் வார்ப்பட்டையிலேயே சரியாகிவிடுமாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இப்போது தினசரி வேலைக்கு வருகிறேன். முதல் வாரம் என்னைத் திணறடித்தது பெம்பர்ஸ், அதாவது டயப்பர், மாற்றுவதுதான். கால் இரண்டும் அகன்று கிடக்கிறது, நடுவில் ஒரு சின்னத் திறப்பு மட்டும். பிறந்த குழந்தைக்குரிய சின்ன அளவை எடுத்து ஓரங்களைச் சிமெண்டுக்கு உள்ளே நாலு பக்கமும் செருக வேண்டும், அதற்கு மேல் பெரிய அளவு ஒன்றைச் சிமெண்டோடு சேர்த்து வெளியே கட்ட வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன், இரவில் அலாரம் வைத்து எழுகிறேன். படுக்கும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் மூத்திரம் முதுகுப் பக்கம் ஏறாது, இதை நான் நாலாவது நாள்தான் கற்றேன், அதற்குள் ஒரு ஓரம் நனைந்து நாற்றம் வந்துவிட்டது. ஓரம் முழுக்கத் தண்ணீர் ஏறாத டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பூவிதழ் மாதிரி ஒட்டுங்கள். நனைந்தால் ஹேர் டிரையரில் குளிர்க்காற்று மட்டும், சூடு வைத்தால் உள்ளே தோல் வெந்துவிடும். பவுடரும் வேண்டாம், வியர்வையில் கட்டியாகித் தோலை உரசும்.

கோலாலம்பூர் வெயிலில் நமக்கே புழுங்குகிறது, அவளுக்கு எப்படி இருக்கும். மின்விசிறி நிற்பதே இல்லை. அரிப்பில் அவள் அழுதபோது என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறியப் போனார், நல்லவேளை பார்த்துவிட்டேன். உள்ளே கீறல் விழுந்து சீழ் பிடித்தால் வெளியே தெரியாது.

அத்தையைப் பற்றி இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய பத்தியக் காலத்தில் பாப்பாவின் காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றியது அவர்தான், அவர் அம்மா செய்தது, ஊரே செய்தது. அப்படிச் சுற்றுவது இடுப்புக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொன்ன அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. மறுமுறை போனபோது அத்தையையும் கூட்டிப்போய், துணி சுற்றியதால்தான் இது வந்ததா என்று அவர் எதிரிலேயே டாக்டரிடம் கேட்டேன். முதல் குழந்தை, பெண் குழந்தை, வயிற்றில் தலை மேலாக உட்கார்ந்திருந்தது, இதெல்லாம் சேர்ந்துதான், இன்னதால்தான் வந்தது என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார் டாக்டர். நம் ஆட்கள் குழந்தையை இடுப்பில் காலை அகட்டி உட்கார்த்தித் தூக்குகிறோமே, அது மூட்டுக்கு நல்ல வாகு என்றும் சொன்னார். அத்தை வாய்விட்டு அழுதார். நானும்தான்.

தூக்கும்போது கால்களுக்கு நடுவில் இருக்கும் கட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது கைப்பிடி இல்லை. பிட்டத்துக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. கால் விரல்கள் நீலமாகவோ வீங்கியோ சில்லென்றோ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு இறுகுவதால் ஒரே தடவையில் நிறையச் சாப்பிட மாட்டாள், அரை இட்லி, அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு அரை. கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டாவிட்டால் பருக்கை உள்ளே போய்விடும்.

ஆறாவது வாரம் மயக்கம் கொடுத்துப் புதுக்கட்டு மாற்றினார்கள், மூட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறதாம். இன்னும் ஐந்து வாரம். மத்தியானம் பீன்பேக்கில் குப்புறப் படுக்கவைத்துப் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டால் செந்தூல் பக்கம் போகும் பத்துமலை ரயிலுக்குக் கையாட்டிக்கொண்டே இருக்கிறாள், அந்த நேரத்தில்தான் நான் குளிக்கிறேன். அந்த பீன்பேக் பெரியது, நன்றாகத்தான் இருக்கிறது. கட்டு பிரித்ததும் இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.