தறிச்சத்தமும் காதும்

விசைத்தறிக் கூடத்தில் நாடா (ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) அடிபட்டுப் போய் நிற்கும் ஒவ்வொரு 'தடக்'கும் காதைத் தின்கிறது. 95 முதல் 100 டெசிபல் (சத்தத்தின் அளவு) அங்கே சாதாரணம். 90 டெசிபலில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம் என்பது தொழிற்சாலை விதி. 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணிதான். பன்னிரண்டு மணி ஷிஃப்ட்டில் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். பேச்சு கேட்கும், 'ச', 'ஸ' மட்டும் குழம்பும். அதனால்தான் காது மங்குவது ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை. உட்செவியின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

காதில் பஞ்சு வைப்பது கிட்டத்தட்ட வீண். நுரை இயர் பிளக்கை மெலிதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை 30 நொடி விரலால் பிடிக்க வேண்டும். பாதி துருத்தி நின்றால் வெறும் அலங்காரம். தறிக்காலுக்கு அடியில் ரப்பர் போட்டால் தரை அதிர்வு குறையும். நாடாச் சத்தம் அப்படியே இருக்கும்.