சரளை மண்ணும் புரொப்பெல்லரும்

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதையில் மறுபடி சின்ன விமானம் இறங்குமா என்று பேச்சு வரும்போதெல்லாம் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். மண்ணை யாரும் கேட்பதில்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி இது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கினால் புரொப்பெல்லர் (விமானத்தை இழுக்கும் சுழல்விசிறி) கல்லை உறிஞ்சி மேலே இழுக்கும். பிளேடின் முன்விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் போதும், விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பறக்கையில் நுனி பிய்ந்தால், அந்த உதறலில் எஞ்சினே தாங்கியிலிருந்து கழன்றுவிடலாம். அதனால் ஏறும் முன் செய்யும் எஞ்சின் சோதனையைப் பெருக்கி வைத்த கான்கிரீட் மேல் முடித்துவிட வேண்டும். சரளையில் என்றால் விமானம் உருளத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல த்ராட்டிலைக் கூட்டுவதுதான் முறை.

சாவி ஆஃபில் இருக்கிறதே என்று பிளேடைக் கையால் சுற்றுவது இன்னும் ஆபத்து. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது மேக்னட்டோ; ஆஃபில் அதை அடக்கிவைக்கும் எர்த் வயர் அறுந்திருந்தால் ஆஃபிலும் ஸ்பார்க் வரும்; சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தால் எஞ்சின் ஒரு உதை உதைக்கும். கை போய்விடும். நிறுத்தும்போது மிக்சர் பிடியை (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றுவது) இழுத்து, எரிபொருளை வெட்டி நிறுத்துங்கள். சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை.

ஆடு மாடு வேலி போட்டாலும் வரும் (மேய்ப்பவருக்கு அது புல்வெளிதானே!). ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் இறங்கும் முன்னும் ஜீப்பில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.