ஹார்பின் நாட்குறிப்பு: அத்தை வரும்வரை

டிசம்பர் 21, 2024
இன்று தோங்ஜி. வருடத்தின் மிக நீண்ட இரவு. ஜியாவ்ஸி, அதாவது பூரணம் வைத்த சீனக் கொழுக்கட்டை, சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்று இங்கே வடசீனாவில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். கடையில் வாங்கினோம். இவர் தொடவே இல்லை.

ஜனவரி 7, 2025
லாபா, சீனக் கடைசி மாதத்தின் எட்டாம் நாள். பூண்டு உரித்து வினிகரில் போட்டாயிற்று. வார்டிலிருந்து அத்தை போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பல்லின் அடியை நறுக்கு, குளிரில் கிடந்த பூண்டுதான் பச்சையாகும், மூடியை இறுக்கு. தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 12
16ஆம் தேதி ஆபரேஷன். பூண்டின் ஓரத்தில் லேசாக நீலம்.

ஜனவரி 16
முடிந்தது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 19
தூக்கம் வரவில்லை, மாவு பிசைந்தேன். மைதா, பச்சைத் தண்ணீர், வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் முரட்டு மாவும் இளகிவிடுகிறது. ஜாடியிலிருந்து புளித்த முட்டைக்கோஸை எடுத்துப் பொடியாக நறுக்கிப் பிழிந்தேன். அத்தை பிழிந்தால் உள்ளங்கையில் உலர்ந்த உருண்டை நிற்கும். அந்தக் கைகளில் இப்போது ஊசி.

கொத்திய பன்றிக்கறியில் சிச்சுவான் மிளகு ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே பக்கமாகக் கிளறினேன். கறி தண்ணீரைக் குடித்துப் பசையாகும்வரை கிளறுவதை நிறுத்தக்கூடாது. அப்புறம்தான் கோஸ். சொப்பு நடுவில் தடிமன், ஓரம் மெல்லிசு. கொழுக்கட்டைக்குச் செய்வது போலத்தான், ஆனால் கட்டையால் தேய்க்க வேண்டும். தட்டுத் தட்டாகப் பால்கனியில் வைத்தேன். வெளியே மைனஸ் 22. சீக்கிரமே கல்லாகிவிட்டன.

ஏன் இன்னும் ரிப்போர்ட் வரவில்லை?

ஜனவரி 20
ரிப்போர்ட் இல்லை.

ஜனவரி 24
பூண்டு முழுப் பச்சை! படம் அனுப்பினேன். "வினிகரைக் கொட்டிவிடாதே, தொட்டுக்கொள்ள அதுதான்" என்று பதில் வந்தது. அழுதுவிட்டேன்.

ஜனவரி 26
கஞ்சியும் சூப்பும் மட்டும் கொடுக்கலாமாம். ஜியாவ்ஸி வெந்த தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். இங்கே கடைசியில் அதையும் குடிப்பார்கள். நர்ஸ் சிரித்தார், சரி என்றார். கொதி வரும்போதெல்லாம் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூன்று முறை அடக்கி வேகவைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. தண்ணீர் மட்டும் பிளாஸ்க்கில் போனது. அத்தை பாதி குடித்துவிட்டு, "உப்பு போட்டாயா?" என்றார்.

ஜனவரி 28
இன்று இரவு சீனப் புத்தாண்டுப் பிறப்பு. மாவு ஊறுகிறது. ரிப்போர்ட் வந்துவிட்டதாம், பெரிய டாக்டர் பத்து மணிக்குப் பேசுவாராம். பூரணத்தை இவர் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.