மூன்று கோழிகள் ஒன்றாக அடைக்கு உட்கார்ந்தபோது

கடந்த மாசியில் எங்கள் கொல்லைப்புறத்துச் சிறுவிடை என்னும் சிறிய வகை நாட்டுக்கோழிகளில் மூன்று, ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே கூடையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டன. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டவுடன் அதன் உடலில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகி, முட்டையிடுவது நின்று, அடைகாக்கும் வேட்கை தலைதூக்குவது இயல்பே. ஆனால் மூன்றையும் அப்படியே விட்டால் வீட்டுக்கு முட்டையும் இராது. ஒரே கூட்டில் நெருக்கியடித்துக்கொண்டு எந்தக் கோழியும் ஒழுங்காகப் பொரிக்கவும் செய்யாது. ஆகவே ஒன்றை மட்டும் அடைக்கு வைப்பது, மற்ற இரண்டின் அடையைத் தெளிவிப்பது, அதாவது அடைகாக்கும் வேட்கையைத் தணிப்பது என்று முடிவு செய்தேன்.

எதை வைப்பது என்பதைக் கோழியின் நடத்தையே காட்டியது. முட்டையிட வந்த கோழி கைபட்டதும் எழுந்து ஓடிவிடும். உண்மையான அடைக்கோழி இரவிலும் கூட்டை விட்டு அகலாது, கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். கறுப்புப் பெட்டையின் அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். இறகு உதிர்ந்து வெறும் தோலாக, நல்ல சூடாக இருந்தது. முன்பு குஞ்சுகளைப் பருந்துக்குப் பறிகொடுக்காமல் வளர்த்த அனுபவமும் அதற்கு உண்டு என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன்.

மற்ற இரண்டையும் பற்றிப் பக்கத்து வீட்டு அத்தை, “மூக்குல இறகைக் குத்தி விடு தாயி, தானா தெளிஞ்சிரும்” என்றார். குளத்தில் முக்கி எடுப்பதும் ஊர் வழக்கம்தான். இரண்டுமே கோழியை வதைப்பவை என்பதால் எனக்கு உடன்பாடில்லை. அடிவயிற்றின் சூடு தணிந்தால் அடை தெளியும் என்பதே இதன் அடிப்படை. எனவே அடியிலும் பக்கங்களிலும் கம்பிவலை அடித்த கூண்டொன்றைச் செங்கல்மேல் உயர்த்தி, வைக்கோலோ சாக்கோ போடாமல், மர நிழலில் காற்றும் வெளிச்சமும் படும்படி வைத்து, தீனியும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தேன். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களில் தெளிந்துவிடும். சிவப்புப் பெட்டை விரைவிலேயே தெளிந்தது. சாம்பல் நிறத்தது திறந்துவிட்டதும் நேராகப் பழைய கூடைக்கே ஓடியதால், மீண்டும் கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று. அடைக்கு வந்த முதல் நாளிலேயே பிரித்தால் எளிதில் தெளியும் என்பதையும், கூட்டில் நாட்கணக்கில் கிடந்த பிறகு பிரித்தால் பிடிவாதம் கூடும் என்பதையும் இந்த இரண்டிலும் தெளிவாகக் கண்டேன்.

கறுப்புக்கான முட்டைகளை இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாதவையாகவும், சேவலோடு திரிந்த கோழிகள் இட்டவையாகவும் பார்த்து எடுத்தேன். வெயில் ஏறும் காலத்தில் முட்டையைச் சேர்த்து வைப்பதில் கவனம் வேண்டும். ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் கூர்முனை கீழாக இருக்கும்படி அடுக்கியது நன்றாகப் பயன்பட்டது. கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலும், கோழிப்பேனுக்காகக் கொஞ்சம் வேப்பிலையும் போட்டேன். இடிச் சத்தத்தில் முட்டை கலங்காமலிருக்க இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் வைக்க வேண்டும் என்று அத்தை வற்புறுத்தினார். கெடுதல் எதுவுமில்லை என்பதால் அவர் மனம் நோகாமல் அவற்றையும் வைத்தேன்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போட்டது மிக முக்கியமான வேலை. கறுப்பு தீனிக்கு எழுந்து போகும் நேரத்தில் வேறு கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிடும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடாவிட்டால், முதல் குஞ்சுகளோடு தாய் கிளம்பிவிடும்போது பிந்தி வந்தவை பாதிக் கருவோடு வீணாகும். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் இறங்கி, தின்று, குடித்து, மண்குளியல் செய்து, நாற்றமெடுக்கும் பெரிய எச்சமிட்டுத் திரும்பும். சோர்ந்து இறங்காமலே கிடந்தால் நாமே தூக்கி இறக்கிவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தேன். கருப்பிடித்தவற்றில் சிலந்திவலைபோலச் சிவந்த நரம்புகள் பரவியிருந்தன. வெறுமையாகத் தெரிந்த கூமுட்டைகளை நீக்கினேன். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவேயில்லை. 21ஆம் நாள் பொரிப்பு தொடங்கியது. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருவின் மிச்சம் இருப்பதால் முதல் நாள் தீனி கொடுக்க அவசரம் வேண்டாம். எல்லாம் பொரித்துத் தாயே இறங்கி வரும்வரை காத்திருப்பதுதான் நல்லது.

பிறகு நொய்யும் கறையானும் கொடுத்து, பருந்துக்கும் பூனைக்கும் பயந்து முதல் வாரங்களில் தாயோடு பஞ்சாரம் என்னும் பெரிய கூடையால் கவிழ்த்து வளர்த்தேன். வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழிநோய்க்கான கண் சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே போட்டாகிவிட்டது. குஞ்சுகள் தாயோடு மேயத் தொடங்குவதற்குள் தெளிந்த இரண்டு பெட்டைகளும் மறுபடி முட்டையிட ஆரம்பித்துவிட்டன. இப்போது அவற்றின் முட்டைகளைக் கூடையில் சேரவிடாமல் மாலைதோறும் எடுத்துவிடுகிறேன். அடுத்து அடைக்கு வரும் கோழியைச் சித்திரை வெயில் தணிந்த பிறகுதான் முட்டைமேல் உட்கார வைக்கப்போகிறேன்.