உறுதியா தெரியறதுக்கு முன்னாடி சொல்லலாமா

"உங்களுக்கே உறுதியா தெரியலேன்னா எனக்கு ஏன் போன் பண்ணீங்க?"ன்னு நாங்க சாஃப்ட்வேர் பண்ணிக் கொடுத்த கிளையண்ட் பேங்கோட ஆபரேஷன்ஸ் ஹெட் கேட்டார். ஒரே பணம் ரெண்டு தடவை போகுதோன்னு ஒரு சந்தேகம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன். "உறுதியான அப்புறம் சொன்னா லேட்டாயிடும்"னு நான் சொன்னேன். என் பதில் சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா அவர் கேட்டது தப்புன்னு என்னால சொல்ல முடியல, அதான் இன்னும் உறுத்துது.

2024 ஆரம்பம் அது. சிங்கப்பூர் பேங்க் ஐடில இருந்தவங்களுக்கு அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு விளக்கவே வேண்டாம். முந்தின வருஷம் டிபிஎஸ் பேங்க்ல திரும்பத் திரும்ப சர்வீஸ் நின்னு போய், நவம்பர்ல எம்ஏஎஸ், அதாவது இங்க ரிசர்வ் பேங்க் வேலையைப் பார்க்குற நாணய ஆணையம், அவசியமில்லாத ஐடி மாற்றம் எதையும் ஆறு மாசத்துக்குத் தொடக்கூடாதுன்னு அந்த பேங்குக்கு உத்தரவு போட்டுடுச்சு. எங்க கிளையண்ட் வேற பேங்க்தான், ஆனா அந்த உத்தரவுக்கு அப்புறம் எல்லா பேங்க்லயும் எல்லாரும் பயந்துபோய் இருந்தாங்க. அப்போ அமல்ல இருந்த எம்ஏஎஸ்ஸோட 644ஆம் நம்பர் நோட்டீஸ் எல்லாருக்கும் மனப்பாடம். முக்கியமான சிஸ்டத்துல பெரிய கோளாறு தெரிஞ்சா 1 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லியாகணும், 14 நாளுக்குள்ள காரணத்தை எழுதிக் கொடுக்கணும், எந்த 12 மாசத்தை எடுத்தாலும் திட்டமிடாம நின்ன நேரம் மொத்தம் 4 மணியைத் தாண்டக்கூடாது.

நாங்க பண்ணிக் கொடுத்தது பேநவ் பணம் போற பகுதி. போன் நம்பரைப் போட்டு அனுப்பினா சில செகண்ட்ல அடுத்தவர் அக்கவுண்ட்ல விழுந்துடும். இதுல எங்க ஆளுங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கறது, குறிச்ச நேரத்துக்குள்ள பதில் வராம டைம்-அவுட் ஆச்சுன்னா ஃபெயில்னு நினைக்காதே, பணம் போயிருக்கலாம் போகாமலும் இருக்கலாம், அது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால ரீட்ரை பண்றப்போ, அதாவது மறுபடி அனுப்புறப்போ, பழைய ரெஃபரன்ஸ் நம்பரையேதான் அனுப்பணும், அப்போதான் அந்தப் பக்கம் "இது ஏற்கனவே வந்தது"ன்னு தள்ளிவிடும். புது நம்பர் போட்டு அனுப்பிட்டா ஒரே பணம் ரெண்டு தடவை போயிடும்.

அன்னைக்கு சென்னை டீம்ல ஆன்-கால்ல இருந்த பொண்ணு பார்த்தது அதுவாத்தான் தெரிஞ்சுது. அனுப்பினவர் அதே ஆள், வாங்கினவர் அதே ஆள், தொகை அதே தொகை, நடுவுல சில செகண்ட் இடைவெளி, ஆனா ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும் வேற வேற. ஒரு ஜோடி இருந்தா கண்டுக்காம விட்டிருப்பா, வரிசையா ஜோடி ஜோடியா வந்துச்சு. அங்க ராத்திரி ஒன்பது மணி தாண்டியிருக்கும், இங்க பன்னெண்டாகப் போகுது. "பேங்க்ல சொல்லிடலாமா, இல்ல செக் பண்ணிட்டு சொல்லலாமா, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டா. செக் பண்ணணும்னா கஸ்டமர் எத்தனை தடவை ஒப்புதல் கொடுத்தார்னு பார்க்கணும், அந்தப் பதிவு, அதாவது லாக், பேங்க் பக்கம்தான் இருக்கு, எங்களுக்கு அக்கவுண்ட் நம்பரோட கடைசி சில எண்கள் தவிர ஒண்ணும் தெரியாது. நான் யோசிக்கவே இல்ல, உடனே அந்த ஆபரேஷன்ஸ் ஹெட்டுக்கு போன் போட்டேன்.

நான் சொல்லி முடிச்சதும் அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம்தான் அந்தக் கேள்வி. "இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் தெரியாத மாதிரி இருக்க முடியாது, உங்களுக்குப் புரியுதா?"ன்னு ஒரு தடவை சொன்னார். புரிஞ்சுது. அந்த 1 மணி நேரக் கெடு ஓட ஆரம்பிச்சுடுச்சு, அதுவும் அவர் தலையில. அவர் மேலிடத்துக்குச் சொல்ல, அவங்க எதுக்கு வம்புன்னு அந்த பேநவ் சேனலையே நிறுத்திட்டாங்க. "இந்த நேரமும் அந்த 4 மணிக் கணக்குல வரும்"னு அவர் சொன்னப்போ குரல் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு.

லாக் வந்து பார்த்தா ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு தனித்தனி ஒப்புதல். கஸ்டமர்தான் ரெண்டு தடவை அழுத்தியிருக்கார். எங்க ரீட்ரைல ஒரு குறையும் இல்ல. அப்போ நான் கொடுத்தது வீண் அலாரமா? அதையும் ஒத்துக்க முடியல. ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பதில் வரல, அதனாலதான ஜனங்க திரும்ப அழுத்தினாங்க? ஸ்க்ரீன் பேங்கோடது, தாமதத்துல ஒரு பங்கு எங்களோடது. வாடகை அனுப்பினவர் அக்கவுண்ட்லேர்ந்து ரெண்டு வாடகை போயிருந்தா அவருக்கு ரெஃபரன்ஸ் நம்பரைப் பத்தி என்ன கவலை? ரிப்போர்ட்ல மட்டும் "டூப்ளிகேட் இல்லை"ன்னு எழுதி முடிச்சோம்.

மறுநாள் எங்க சேல்ஸ் ஹெட் ஒரு வார்த்தை கேட்டார், அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. "காரணம் சொல்லாம லாக் மட்டும் கேட்டிருக்கலாமே?" கேட்டிருக்கலாம். அந்த மனுஷன் கொடுத்திருப்பார், அஞ்சு வருஷப் பழக்கம், பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு மூடியிருக்கலாம். ஆனா ஒண்ணு இருந்திருந்தா? அவரை ஏமாத்தி வாங்கின மாதிரி ஆகாதா? நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, இங்க வெந்துச்சு, ஆனா வெந்தது சொன்ன என் வாய் இல்ல. கொஞ்ச நாள்ல அவரை வேற டிபார்ட்மெண்டுக்கு மாத்திட்டாங்க. இதுக்காகத்தான்னு யாரும் சொல்லல. நான் வாழ்த்து அனுப்பினேன், நன்றின்னு ஒரு வரி பதில் வந்துச்சு, அதுக்கு முன்னாடியெல்லாம் குடும்பத்தையும் விசாரிச்சு எழுதுவார்.

அதுக்கப்புறம் நான் ஒரு ரூல் போட்டேன், சந்தேகம்னா முதல்ல 15 நிமிஷம் நம்ம பக்கம் பாருங்க, அப்புறம் பேங்குக்கு சொல்லுங்கன்னு. நியாயமாத்தான் தெரிஞ்சுது, பாதி சந்தேகம் அதுலயே கரைஞ்சுடும், தேவையில்லாம ஒருத்தரை நடுராத்திரில எழுப்ப வேண்டாம். ஆனா அன்னைக்கு அந்த ஜோடிகளுக்கு 15 நிமிஷம் பார்த்திருந்தாலும் எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே, லாக் எங்ககிட்ட இல்லையே. அப்போ இந்த ரூல் யாருக்காக? உடனே சொன்னதுதான் சரின்னு எல்லார்கிட்டயும் வாதாடின நானேதான் இதைப் போட்டேன். இதை எழுதுறப்பவும் ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்க முடியல.

அந்தப் பொண்ணுதான் இதை முதல்ல பிடிச்சா. ரூல் வந்த அன்னைக்கே கேட்டா, "அப்போ கோளாறைப் பதியற டிக்கெட்ல எந்த நேரம் போடணும், நான் பார்த்த நேரமா, 15 நிமிஷம் கழிச்சு சொல்ற நேரமா?" பார்த்த நேரத்தையே போடும்மான்னு சொன்னேன். அப்படிப் போட்டா நாங்க காத்திருந்தது எழுத்துலயே இருக்கும், நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நான்தான் பதில் சொல்லணும். சேல்ஸ்லேர்ந்து, அந்த நேரத்தைப் போடுற கட்டத்தையே டிக்கெட்லேர்ந்து தூக்கச் சொல்லி ரெண்டு மெயில் வந்துடுச்சு. தூக்க மாட்டேன்னு பதில் போட்டுட்டேன். ரூலை மட்டும் இன்னும் எடுக்கல.