ட்ரிப்ஸ் நிறைய ஏத்தினா தெம்பு வந்துடுமா?

குடல வெட்டி ஒட்றது, கணையத்துல கட்டி எடுக்கிறதுன்னு பெரிய வயித்து ஆபரேஷன்னா சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான். போன வாரம் கூட கடலூர் துறைமுகம் பக்கத்துலேருந்து வந்த ஒரு அம்மா "டாக்டரம்மா, வூட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க, தெம்பா இருக்கும்"னாங்க. நான் பாண்டிச்சேரில மயக்க மருந்து டாக்டர், இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

ஒரு லிட்டர் சலைன்ல இருக்கிறது 9 கிராம் உப்பு, அவ்ளோதான், சத்து எதுவும் கிடையாது. அளவுக்கு மீறி ஏத்தினா ரத்தக்குழாய்ல நிக்காம வெளிய கசிஞ்சு குடல் வீங்கிப்போகும், ஒட்டின இடம் ஆற லேட்டாகும், நுரையீரல்ல நீர் கோத்துக்கும்.

மயக்க மருந்து குடுத்ததும், முதுகுல எபிடூரல் (வலி தெரியாம இருக்க மெல்லிய குழாய் வழியா விடற மருந்து) போட்டதும் பிரஷர் இறங்கும், ஆனா ரத்தம் எங்கயும் போயிடல, குழாய்தான் விரிஞ்சிருக்கு, அதுக்குப் போய் பாட்டில் பாட்டிலா ஏத்தக்கூடாது, ரத்தக்குழாய சுருக்குற நார்அட்ரினலின் மருந்த கொஞ்சமா பம்ப்ல விட்டு சராசரி பிரஷர் 65க்கு கீழ போகாம பாத்துக்கணும்.

நிஜமாவே தண்ணி பத்தலையான்னு தெரிய மணிக்கட்டு நாடியில ஒரு லைன் (ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர காட்டுற மெல்லிய குழாய்) போட்டுருப்போம். மானிட்டர்ல ஓடுற சிவப்பு அலை, வென்டிலேட்டர் ஒவ்வொரு தடவ காத்த தள்ளும்போதும் ரொம்ப ஏறி எறங்கினா சந்தேகம் வரும் (இதயத்துடிப்பு சீரா இருந்தாதான் இத நம்பலாம்). உடனே 250 மில்லி வேகமா ஏத்துவேன், ஒரு துடிப்புக்கு ஹார்ட் வெளிய தள்ற ரத்தம் 10 சதவீதமாவது கூடுச்சுன்னா தேவைதான், கூடலன்னா அதோட நிறுத்திடுவேன். ரத்தமே நிறைய போச்சுன்னா அது வேற கதை, ரத்தம்தான் ஏத்தணும்.

அதுக்காக காயப்போடவும் கூடாது. 2018ல வந்த ரிலீஃப்ங்கிற ஆய்வுல பெரிய வயித்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கிட்டத்தட்ட 3000 பேர ரெண்டா பிரிச்சாங்க, ஆபரேஷன் நேரமும் அதுக்கப்புறம் 24 மணி நேரமும் சேத்து ட்ரிப்ஸ் ஒரு பக்கம் 3.7 லிட்டர், இன்னொரு பக்கம் 6.1 லிட்டர். கம்மியா குடுத்தவங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கு கிட்னி பாதிப்பு, மத்தவங்கள்ல 5 சதவீதம்தான். அதனால நான் கொஞ்சம் தாராளம் பக்கம்தான் சாய்வேன்.

உங்ககிட்ட கேக்கிறது ரெண்டுதான். பெரும்பாலானவங்க ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாம், ராத்திரி பூரா நாக்கு வறள வைக்காம டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம் வார்டுக்கு வந்த பிறகு ஒரு டம்ளர் இளநீர் குடுத்தாலும் சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க சார்ட்ல ஏத்தினாதான் ட்ரிப்ஸ எப்போ நிறுத்தலாம்னு எங்களுக்குத் தெரியும்.