குற்றமே சாட்டப்படாதவருக்கும் வீடில்லை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தெரிந்த தம்பி ஒருவருக்கு வாடகைக்கு அறை தேடினோம். பிடித்திருந்தது, அட்வான்ஸும் பேசியாயிற்று. அடையாள அட்டைப் பிரதியைக் கையில் வாங்கிய வீட்டுக்கார ஐயா, "முந்தி பொலிஸில பிடிபட்டனீரோ?" என்றார். தம்பி மறைக்கவில்லை. "குறை நினையாதேங்கோ தம்பி, சிஐடிக்காரர் வந்து போனால் எங்களுக்குக் கரைச்சல்" என்றார் ஐயா.

ஐயாவின் பயம் விளங்குகிறது. ஆனால் இந்தத் தம்பி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்து, குற்றம் சாட்டப்படாமலே வெளியில் வந்தவர். 1979இல் வந்த அந்தச் சட்டத்தின் தடுப்புக்காவல் உத்தரவில் ஒருவரை 18 மாதம் வரை வைத்திருக்க முடிந்தது. 2022இல்தான் அது 12 மாதமாகக் குறைந்தது. நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை. வீட்டுப் படலையடியில் அதை யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2022 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தண்டனையில் முடியாத கைதை வீட்டுக்காரர் கணக்கில் எடுக்கவே கூடாது. பழைய தண்டனையைப் பற்றியும், பெரும்பாலும், வீடு தரச் சம்மதித்த பிறகுதான் பார்க்கலாம். இங்கும் அப்படி ஒன்று வேண்டும். எங்கள் சட்டத்தரணிகள் இதைக் கையில் எடுக்க வேணும்.

சரி, இப்போதைக்கு கொக்குவில், நல்லூர்ப் பக்கம் அறை இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கோ. மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை, வாடகை நேரத்துக்கு வரும்.